ஊன்றாத கை

மாப்பிள்ளையின் இடது சட்டைக் கையை என் வலது கையால் சுருட்டிப் பிடித்தேன். மூன்று எண்ணுவதற்குள் சுண்டுவிரல் திறந்துகொண்டது. பின்னாலேயே மோதிர விரல். போங்கள், எல்லாரும் கிளம்புங்கள் என்று அவற்றை விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன்.

டயர் கடைக்கு மேலே ஒரு நீளக் கூடம். தரை முழுக்க ரப்பர் பாய். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேதான் எங்கள் ஜியு ஜிட்சு மல்யுத்த வகுப்பு. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவன், பார்சல் வேன் ஓட்டுகிறவன். நாலு வருடத்துக்கு முன், "தொப்பை குறையும், வாங்க மச்சான்" என்று இழுத்து வந்தவன் அவன்தான். தொப்பை அப்படியேதான் இருக்கிறது. பைத்தியம்தான் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க வாங்க போங்க என்று மரியாதை பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கிற மச்சினனும் மாப்பிள்ளையும் வேறெங்காவது உண்டா என்று என் மனைவி கேட்பாள்.

எனக்குப் பிடித்தது கார்ட். மல்லாந்து கிடந்தபடி, மேலே இருப்பவனை நம் கால்களாலேயே பிடித்து வைப்பது. பார்க்கிறவர்களுக்குத் தோற்றுக் கிடப்பது போலத் தெரியும். ஆனால் சமயம் பார்த்து அவனைக் கவிழ்த்துவிட்டு மேலே வந்துவிடலாம். அதற்கு ஸ்வீப் என்று பெயர். அதில் ஒரே ஒரு நிபந்தனை. எந்தப் பக்கம் கவிழ்க்கிறோமோ அந்தப் பக்கத்துக் கையைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் கையைத் தரையில் ஊன்றிக்கொள்வான், விழவே மாட்டான். நாலு வருடத்தில் மாப்பிள்ளையை நான் ஆறே தடவைதான் கவிழ்த்திருக்கிறேன். ஆறு நாளும் என் மனைவிக்குக் காது புளித்துப்போனது.

பிடிதான் இப்போது பிரச்சினை. எனக்கு மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடுகளவு திருகாணிகளை மாட்டுகிற வேலை. சித்திரை வெயிலில் வியர்வை என்று நினைத்தேன், திருகாணி நழுவியது. பிறகு திருப்புளி நழுவியது. பிறகு கண்ணாடியே நழுவியது. நரம்பு டாக்டர் இரண்டு மாதம் பரிசோதனை செய்துவிட்டு, "கை முதல்ல, அப்புறம் மெதுவா மத்ததும்" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்று பூசி மெழுகினார். மனைவி தினமும் காலையில், "லேட்டாச்சு, குடுங்க" என்று என் சட்டைப் பட்டனைப் போட்டுவிடுகிறாள். எனக்கு எங்கேயும் லேட்டாகவில்லை என்று அவளுக்கும் தெரியும். தங்கை போனில், "குரல் தெம்பா இருக்குண்ணா" என்கிறாள். ஐயோ பாவம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லித் தொலைத்தாலாவது திருப்பித் திட்டலாம்.

என்னிடம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பொய் சொல்லாமல் சொல்லக்கூடியது இந்தப் பாய் ஒன்றுதான். அதனால் இன்று மாடிப்படியிலேயே மாப்பிள்ளையை நிறுத்தினேன்.

"மாப்ள, இன்னைக்கோட கடைசி. நீ பாவம் கீவம் பாத்தேன்னு வை, உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"என்ன மச்சான் பேச்சு இது."

"சத்தியம் பண்ணு."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

பாயில் கார்ட் பிடித்து, பாதி எழுந்து உட்கார்ந்தபடியே இடது கையை அவன் அக்குளுக்குள் நுழைத்தேன். இடது பாதத்தை அவன் தொடைக்கு அடியில் கொடுத்தேன். வலது கை மறுபடி அவன் சட்டைக் கையில். பாரத்தை முன்னால் கொண்டுவந்தான். இதுதான் சமயம். என் வலப்பக்கமாகச் சாய்ந்தேன், பாதத்தால் தொடையைத் தூக்கினேன். பாதி வழியிலேயே வலது கை விட்டுப்போனது. போனால் போகட்டும் என்று மிச்சத்தையும் உதைத்தேன். மாப்பிள்ளை மரம் போலப் புரண்டான். அவன் நெஞ்சின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது! எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டராவது மண்ணாவது என்று தோன்றியது. "எப்படிடா!" என்று கத்தினேன். "செம மச்சான், பிடி இரும்பா இருந்துச்சு, கைய அசைக்கவே முடியல" என்றான்.

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கீழே பார்த்தேன். அவனுடைய இடது கை நெஞ்சோடு ஒட்டி மடங்கியிருந்தது, யாரோ பிடித்து வைத்திருப்பது போல. நாலு வருடம் பழகிய கை. தூக்கத்தில் உருட்டிவிட்டாலும் தானாகப் போய்த் தரையில் ஊன்றுகிற கை. நான் விட்டுவிட்டதுகூடத் தெரியாமல், இல்லாத பிடிக்கு அடங்கிக் கிடந்திருக்கிறான்.

"கைய ஏன் ஊனல?"

"நீங்கதான் பிடிச்சிருந்தீங்களே."

"நான் எப்பவோ விட்டுட்டேன் மாப்ள."

அவன் காது மடல் சிவந்தது.

"என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணியேடா."

"மச்சான்... எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல மச்சான்."

அடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அடிக்கவும் விட்டுப்போன அதே கைதான் வேண்டும். இறங்கி மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கிக் காட்டினேன்.

"வா. இன்னொரு ஆட்டம். நீயும் பொய் சொன்னா நான் எங்கடா போவேன்?"

பாயோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கோச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வைத்தாள்.

இந்த முறை அவன் நிஜமாகவே வந்தான். சட்டைக் கையைப் பிடித்தேன், நூல் அறுப்பது போல உதறினான். என் கால்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, குறுக்கே விழுந்து தோளால் என் தாடையை அழுத்தினான். மொத்தப் பாரமும் நெஞ்சில் இறங்கியது. வலது முழங்கையால் முட்டுக்கொடுத்தேன், மடிந்துபோனது. இடுப்பை நழுவவிட்டு முழங்காலை உள்ளே நுழைத்தால் கார்ட் திரும்பக் கிடைக்கும். இரண்டு விரற்கடை இடம் கிடைத்தது, அவன் அதையும் அடைத்தான். மறுபடி முயன்றேன், மறுபடி அடைத்தான். மூச்சு முட்டியது. சரி, இவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்தது.

"தட்டுங்க மச்சான்" என்றான் என் காதுக்குள். தரையில் இரண்டு தட்டு தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம், விட்டுவிடுவான். "கும்பிட்டுக் கேக்குறேன், தட்டுங்க."

நான் தட்டவில்லை. அவனும் எடையைக் குறைக்கவில்லை. என் மேல் கிடந்து குலுங்கிக் குலுங்கி அழுதான், அழ அழ இன்னும் அழுத்தினான். அவன் கண்ணீரும் வியர்வையும் என் கழுத்தில் இறங்கின. கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பத்து விநாடி இருந்தது. நான் முழங்காலை மறுபடி உள்ளே நுழைக்கப் பார்த்தேன்.