சிவப்பு நூல் கட்டிய செடிகள்

ஊரில் அவளுக்குக் கறாரக்கா என்று பேர். சும்மா வைத்த பேர் இல்லை. தன் மக்காச்சோள வயலில் ஒரு சொட்டு மருந்து படவிடமாட்டாள். மூன்று வருஷம் மாடாய் உழைத்தாயிற்று. இந்த அறுவடையோடு இயற்கை விளைச்சல் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் வயல். அவன் போடுவது மரபணு மாற்றிய சோளம். இரண்டும் கலக்காமலிருக்க அக்காவும் தம்பியும் ஒரு பேச்சு பேசி வைத்திருந்தார்கள். அவள் விதைத்து இருபது நாள் கழித்துத்தான் அவன் விதைக்க வேண்டும். அவன் பயிர் பூத்து மகரந்தம் பறக்கும்போது அவள் கதிர் மணி பிடித்திருக்கும்.

அப்படியும் கலந்துவிட்டது. சான்றிதழுக்காகச் சோதிக்க வந்த ஆய்வாளரம்மா சோள மணியை அரைத்துக் கரைத்துக் காகிதப் பட்டையை முக்கினார். ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடு வந்தது.

அக்கா நேரே தம்பி வாசலுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி எதிரிலேயே கத்தினாள்.

"நாள் கணக்குல ஏமாத்தி என் வாயில மண்ணைப் போட்டுட்டியேடா! இனிமே நீ யாரோ, நான் யாரோ!"

அவன் வாயைத் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் அவளுக்குப் பட்டது.

மூன்றாம் நாள் ஆய்வாளரம்மா மறுபடி வந்து, வரிசை வரிசையாகக் கதிர் ஒடித்துச் சோதித்தார். நடுவயல் சுத்தம். தம்பி வரப்பை ஒட்டிய வரிசைகூட, அட, சுத்தம்! கிழக்கு மூலையில் மட்டும்தான் கலப்பு.

"இங்க எல்லாச் செடியிலயும் சிவப்பு நூல் கட்டியிருக்கே, என்னம்மா இது?"

"அது பாடுவாசிங்க. மழைத்தண்ணி நின்னு இந்த மூலையில விதை அழுகிப்போச்சு. வெறுமையா கிடக்கேன்னு அப்புறமா போட்டேன். கூட ரெண்டு குடம் ஊத்தணுமே, அதுக்குத்தான் அடையாளம்."

"அப்புறமான்னா, எத்தனை நாள் கழிச்சு?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். சரியாக இருபது நாள். அன்றைக்குத்தான் தம்பியும் அந்தப் பக்கம் விதைத்துக்கொண்டிருந்தான். "இப்பப் போட்டா ரெண்டும் ஒண்ணா பூக்குமேக்கா" என்று குரல் கொடுத்தான். "உன் வேலையைப் பாருடா, எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொன்னது யார்? இவள்தான். அடிப்பாவி, எப்படி மறந்தாள்!

சான்றிதழ் போயிற்று. அதுகூட அப்போது உறைக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மருந்தடிக்கிற பம்பைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அவ்வளவு கத்தினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

அவன் நிமிராமலே சொன்னான். "சொன்னா உன் கையாலயே போச்சுன்னு ஆயிடும். மூணு வருஷம் பாடுபட்டவ நீ. என்னைத் திட்டினா நான் தாங்கிக்குவேன். உன்னை நீயே திட்டிக்கிட்டா எப்படிக்கா தாங்குவே?"

கறாரக்கா படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தம்பி பெண்டாட்டி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.