நூற்றைம்பது நாள் பாசிட்டிவ்

2022 பிப்ரவரியில் ஏட்டு இசக்கிமணிக்குக் கொரோனா வந்தது. புளியறை சோதனைச்சாவடியில் அவரோடு வேலை பார்த்த ஆறு பேருக்கும்தான் வந்தது. அவர்களெல்லாம் பத்து நாளில் தேறி டூட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். இசக்கிமணிக்கு மட்டும் மார்ச்சிலும் பாசிட்டிவ், ஏப்ரலிலும் பாசிட்டிவ்.

காரணம் தெரிந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு அவருடைய அக்கா ஆனந்தவள்ளி தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தாள். உடம்பு அதை அந்நியம் என்று தாக்கிவிடக்கூடாது என்பதற்காக, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை அவர் தினமும் சாப்பிட்டாக வேண்டும். அந்த அடக்கத்தில் கிருமி சௌகரியமாகக் குடியிருந்தது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. குற்றாலத்தில் அக்கா வீட்டு மாடியறையில் தனியாகக் கிடந்தார்.

தென்காசியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நுண்ணுயிரியல் நிபுணர் வித்யாலட்சுமி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கவச உடை மாட்டிக்கொண்டு வந்து சளியும் ரத்தமும் எடுத்துப் போவாள். அவர் சம்மதத்தோடு அதில் பாதியைச் சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்த தோழி மெஹர் பானுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மூன்றாம் வாரம் மெஹர் பானுவின் போன் வந்தது.

"வித்யா, கவனமாக் கேளு. அவரோட ஏப்ரல் ரத்தம் பிப்ரவரிக் கிருமியை அடக்கிடுது. ஏப்ரல் கிருமிகிட்ட பலிக்கலை. ஜூன் ரத்தம் ஏப்ரல் கிருமியை அடக்குது. ஜூன் கிருமிகிட்ட பலிக்கலை."

வித்யாலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். மனிதனும் கிருமியும் ஆயிரமாயிரம் வருஷமாக ஒருவரையொருவர் மாற்றிக்கொண்டே வந்த கதையை அவள் படித்திருக்கிறாள். அந்த ஓட்டப்பந்தயம் இங்கே ஒரே மனிதருக்குள் நாலு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. மதியமே சாரலில் நனைந்துகொண்டு ஸ்கூட்டரில் குற்றாலம் போய்ச் சேர்ந்தாள்.

"அண்ணாச்சி, உங்க உடம்பு சும்மா இல்ல. சண்டை போடுது" என்றாள். "கிருமியைப் பிடிக்க உங்க ரத்தம் ஒரு ஆன்டிபாடி செஞ்சா, கிருமி உருமாறிடுது. நீங்க புதுசா ஒண்ணு செய்யுதீங்க. அது மறுபடி மாறுது."

இசக்கிமணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். "திருட்டு லாரிக்காரன் நம்பர் பிளேட்டை மாத்துத மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப பிளேட்டைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல மேடம். வண்டிச் சட்டத்துல அடிச்சிருக்க சேஸ் நம்பரைப் பாக்கணும். அதை அவ்வளவு லேசுல மாத்த முடியாது. கிருமிக்கு அப்படி ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. நம்ம செல்லுல ஒட்டுததுக்கு அது வச்சிருக்க இடம். அதை ரொம்ப மாத்தினா அதால ஒட்டவே முடியாது. ஆன்டிபாடி செய்யுத அணுக்களும் தங்களை மாத்தி மாத்திப் பாக்கும். நல்லாப் பிடிக்கது மட்டும் பெருகும். உங்களுக்கு அது மெதுவா நடக்கு. மாத்திரைதான் காலை வாருது."

அன்றே சிறுநீரக மருத்துவர் வேல்ராஜிடம் பேசினாள். மூன்று மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தலாம் என்றார் அவர். ஆனால் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் உண்டு, வீட்டில் கலந்து பேசுங்கள் என்றார்.

ஆனந்தவள்ளி யோசிக்கவே இல்லை. "நான் குடுத்தது போயிரும்னா பயப்படுதிய? அவனே போயிட்டா அதை வச்சு நான் என்ன செய்ய? நிறுத்துங்க."

அறைக்குள்ளிருந்து இசக்கிமணி, "யக்கா..." என்று ஏதோ சொல்ல வந்தார். "ஏலே, சும்மா கெட" என்று முடித்துவிட்டாள்.

முதல் இரண்டு வாரம் எல்லோரையும் ஆட்டிவைத்தது. சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் 1.3இலிருந்து 1.8க்கு ஏறியது. வித்யாலட்சுமிக்கு ராத்திரியில் தூக்கமில்லை, நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று. மூன்றாவது வாரம் அது 1.7இல் நின்றது. காய்ச்சலும் நின்றது.

ஜூலை கடைசியில் மறுபடி மெஹர் பானுவின் போன். "அவரோட ஜூலை ரத்தம் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஜூலை... நாலு கிருமியையும் அடக்குது வித்யா. இதுக்கு முன்னாடி அந்தந்த மாசத்துக் கிருமிகிட்ட ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை. இப்பதான் முதல் தடவை. எங்க பிடிச்சிருக்குன்னும் பார்த்தோம். நீ அன்னிக்குச் சொன்ன, செல்லுல ஒட்டுற இடம்தான்."

அடுத்த வாரம் நெகட்டிவ். அதற்கடுத்த வாரமும் நெகட்டிவ்.

வித்யாலட்சுமி கவச உடையில்லாமல் வந்து சொன்னபோது, இசக்கிமணி சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்தார்.

"மேடம், என் பிப்ரவரிக் கிருமி, ஜூன் கிருமியெல்லாம் மெட்ராஸ்ல இன்னும் இருக்கா?"

"உறைய வச்சிருக்காங்க அண்ணாச்சி. எதுக்குக் கேக்குதீங்க?"

"அஞ்சு மாசம் கூடவே இருந்திருக்கு. ஒரு தடவை மூஞ்சியப் பாக்கணும்."

"கிட்டப் போக விடமாட்டாங்க. படம் வேணும்னா அனுப்பச் சொல்லுதேன்."

"பெருசா அனுப்பச் சொல்லுங்க" என்றார் இசக்கிமணி. ஆனந்தவள்ளி உள்ளேயிருந்து சாப்பாட்டுக்கு மூன்று வாழையிலை கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் போட்டாள்.