மூன்று நூல்கண்டு தூரம்

அன்று காலை முன்னறையில் இருந்தவர்கள்: தையல் மெஷினில் தையற்காரி, படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் அவள் கணவர், பொத்தான் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார், கையில் படிவத்தோடு சுகாதாரப் பணியாளர். தீவில் யார் எவ்வளவு நடக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் திடீர் அக்கறை.

“மேட்டு வீடு வரைக்கும் ஏறிடுவோம்னு பத்துக்கு எத்தனை நம்பிக்கைக்கா?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள் பணியாளர்.

“ரெண்டு. அதுவும் நீ வீடு தேடி வந்ததுக்காக.”

மேட்டு வீட்டில் மகளுக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள். பேரன் முகத்தைத் தையற்காரி செல்போனில்தான் பார்த்திருந்தாள். அங்கே வண்டி ஏறாது. இரண்டு வருஷம் முன்பு, பாதி மேட்டில், ஐஸ் ஃபேக்டரி வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். கால் சரியாகிவிட்டது. அங்கே நின்றவர்கள் சிரித்த சிரிப்பு சரியாகவில்லை. அதன்பின் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை.

“நாலு பேரை வெச்சு நாற்காலியோட தூக்கிடலாமே அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“நாலு பேர் என்னைத் தூக்குறது ஒரே தடவைதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு.”

“எவ்வளவு தூரம்னு நினைக்கிறீங்க?” என்றாள் பணியாளர்.

“இவரைக் கேட்டா கூப்பிடுதூரம்பாரு. இவருக்கு அக்கரையே கூப்பிடுதூரம்தான்.”

பணியாளர் தாளைப் புரட்டினாள். “அறுநூறு மீட்டர்.”

மெஷின் நின்றது. தையற்காரி நூல்கண்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். இருநூறு மீட்டர் என்று போட்டிருந்தது.

“மூணே கண்டா?”

சீருடை தைக்கும் மாதத்தில் ஒரே நாளில் தீர்த்துவிடுகிற நூல். அத்தனையையும் மிதித்து ஓட்டுவது இதே கால்தானே? அப்புறம் கேள்வி கேட்டது அவள்தான். முதல் கண்டு எங்கே தீரும்?

“மதகுகிட்ட. கட்டையில உட்காரலாம்.”

“ரெண்டாவது?”

“ஐஸ் ஃபேக்டரி. உட்கார ஒண்ணும் இல்லக்கா.”

“ஏங்க, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த முக்காலியை அங்க போட்டுட்டு வாங்க.”

“கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா?” என்றார் கணவர்.

“வாசலுக்கு நேராப் போடுங்க. சிரிக்கிறவன் நல்லாப் பார்த்துச் சிரிக்கட்டும்.”

அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பணியாளர் பேனாவோடு காத்திருந்தாள். “பத்துக்கு ரெண்டுன்னதை அடிச்சிரட்டுமாக்கா?”

“இருக்கட்டும். உன் அறுநூறு சரியான்னு முதல்ல அளந்து பார்க்கிறேன்.”

முதல் கண்டின் நுனியை ஜன்னல் கம்பியில் முடிந்தாள். மற்ற இரண்டும் பையில்.

“கதவைப் பூட்டிக்கோ. பாதியில வந்து தட்டினாலும் திறக்காத.”

“இதைச் சொல்லணுமா அண்ணி?” என்றாள் நாத்தனார். “இத்தனை வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தேன்!”

தையற்காரி படி இறங்கினாள். கண்டு கையில் சுழல ஆரம்பித்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது.