றொசாலியா அம்மாவின்ரை கண்

சோதிலிங்கம் அவசரக்காரன் இல்லை. பஸ்ஸுக்குக்கூட ஆறுதலாகத்தான் நடப்பார். ஆனா பெண்சாதிக்கு ஒரு உதவி செய்யவேணும் எண்டு மனதிலை பட்டிட்டுதோ, பிறகு அந்த மனுசனை ஆராலையும் பிடிச்சு நிப்பாட்டேலாது.

எங்கடை சனம் வந்து குடியேறின வெளிநாட்டு ஊரிலை, போர்கோ வெக்கியோ எண்ட பகுதியிலை, மீன்கடைக்குப் பின்னாலை, முதலாளியம்மா சிஞ்ஞோரா எமிலியானாவின்ரை பதக்கப் பட்டறை இருக்கு. சோதிலிங்கத்தின்ரை மனுசி குகனேஸ்வரி முதல் அங்கை கூட்டித் துடைக்கத்தான் போனவ. இப்ப உருக்குக் கட்டியிலை உளியாலை உருவம் வெட்டுறா. லேசுப்பட்ட வேலையில்லை, பாருங்கோ. அச்சிலை வெட்டின பள்ளம் பதக்கத்திலை மேடாகும், வலம் இடமாகும். வெட்டி முடிச்ச அச்சைச் சூளையிலை பழுக்கவைச்சு, எண்ணெயிலை தோய்ச்சு இறுக்கவேணும், இறுகினாப் பிறகு உளி ஏறாது. பிறகு அதாலை பித்தளையிலை அடிச்சால்தான் பதக்கம். சூளையும் அடியும் சோதிலிங்கத்தின்ரை பொறுப்பு.

இந்தமுறை வந்த ஓடர் எங்கடை சனத்தின்ரை. வேதக்காரர், சைவக்காரர் எண்டில்லாமல் எல்லாரும் ஏறுற மலைக்கோயில் சாந்தா றொசாலியா அம்மாவின்ரை பதக்கம். சிஞ்ஞோரா நேரை சொல்லிப்போட்டா: "குகா, கோவிக்காதை. இந்த அச்சு நல்லா வந்தால் உன்ரை மேசை இருக்கட்டும். பிழைச்சால் அந்த இடத்திலை கொம்பியூட்டர் மெசின் வைக்கப்போறன்."

கூட்டித் துடைக்கத் திரும்பிப் போறது குகனேஸ்வரிக்கு ஒரு குறைச்சலாப் படேல்லை. வேலை வேலைதானே. ஆனா அந்த உளியிலை அவவுக்கு உயிர்.

ரோசாப்பூக் கிரீடம், அவிட்டுவிட்ட தலைமயிர், சிலுவை பிடிச்ச கை எண்டு எல்லாம் வெட்டினா. கண்ணை மட்டும் விட்டா. தெய்வத்தின்ரை கண்ணைக் கடைசியாத்தானே திறக்கிறது, அதுவும் முழுகி, நல்ல நேரம் பாத்து. வெள்ளிக்கிழமை காலமை திறப்பம் எண்டு அச்சைத் துணியாலை மூடி வைச்சா. சொன்னால் மனுசன் பகிடி பண்ணும் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. சொல்லித் துலைச்சிருக்கலாம்!

வியாழன் பின்னேரம் அவ வெளிக்கிட்டுப் போனாப் பிறகு சோதிலிங்கம் துணியை விலத்திப் பாத்தார். ஆகா, முடிச்சிட்டாள். பாவம், கண் சிவக்கச் சிவக்க வெட்டினவள், நாளைக்கு வந்து பாக்கேக்கை அச்சு இறுகி ஆயத்தமா இருக்கட்டும். சூளையை மூட்டினார். எண்ணெயிலை போட்டார். ஒரு வெடிப்பில்லை. மனுசன் ஒரு பழைய பாட்டைச் சீக்காயடிச்சுக்கொண்டு வீட்டை போனார். அண்டைக்கு அவர் வாயைத் திறக்கேல்லை, காலமை பாத்துச் சந்தோசப்படட்டுமாம்.

காலமை குகனேஸ்வரி முழுகின ஈரத்தலையோடை, திருநீறும் பூசிக்கொண்டு வந்து உளியை வைச்சா. உளி வழுக்கிச்சுது. திரும்ப வைச்சா. கண்ணாடியிலை கீறின மாதிரிச் சத்தம்தான் வந்தது.

"ஐயோ! என்னப்பா செய்தனீங்கள்?"

"இறுக்கிப்போட்டன்," எண்டு அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சார்.

"கண் வெட்டேல்லையப்பா!"

"எந்தக் கண்?"

"றொசாலியா அம்மாவின்ரை கண்!"

அப்பதான் மனுசன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுது. முந்தியே போட்டிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்? உளுந்தளவு முகத்திலை கண்குழி ரண்டும் வழுவழு எண்டு கிடந்தது.

"திருப்பிச் சூடாக்கி இளக்குவமே?"

"இளக்கினால் மயிர்க்கோடெல்லாம் தீஞ்சுபோம். பேசாமல் இருங்கோ."

"பிழை என்ரை எண்டு நான் சிஞ்ஞோராட்டைச் சொல்லுறன், குகா."

"பிழை ஆரின்ரை எண்டாலும் போறது என்ரை மேசைதானே!" எண்டு சொல்லிப்போட்டு அவ விக்கி விக்கி அழுதா. அவர் மூலையிலை போய் நிண்டார். எண்ணெய் தெறிச்சுப் பொங்கின விரலைத் தடவித் தடவி நிண்டதை அழுகைக்குள்ளையும் அவ கண்டா. தனக்காகத்தானே இந்த மனுசன் சுட்டுக்கொண்டது எண்டு நினைக்க, கோவம் அரைவாசி கரைஞ்சு போச்சு.

மூக்கைத் துடைச்சா. "ரண்டு பதக்கம் அடியுங்கோ பாப்பம்."

அவர் அடிச்சுக் குடுத்தார். உருக்கு இறுகினால் என்ன, பித்தளை மெதுதானே. இருக்கிறதிலை மெல்லிய உளியை எடுத்து, மூச்சைப் பிடிச்சு, முதல் பதக்கத்திலை கண்ணைத் திறந்தா. திறந்த உடனை கைக்குள்ளை பொத்திக்கொண்டா.

அந்த நேரம் பாத்துச் சிஞ்ஞோரா உள்ளை வந்தா. மேசையிலை கிடந்த மற்றப் பதக்கத்தைத் தூக்கினா. "கண் எங்கை?"

குகனேஸ்வரி ஒண்டையும் ஒளிக்கேல்லை. வழக்கம் இது, நடந்தது இது எண்டு சொல்லி, அவவின்ரை கண்ணுக்கு முன்னாலையே அந்தப் பதக்கத்துக்கும் கண் திறந்தா. சிஞ்ஞோரா பூதக்கண்ணாடியை வைச்சுக் கனநேரம் பாத்தா. பிறகு சிலுவை போட்டுக்கொண்டா.

"இவ என்னைத்தான் பாக்கிறா," எண்டா. "எல்லாத்துக்கும் நீ இப்பிடி ஒவ்வொண்டாத் திறப்பியோ?"

"ஓம், சிஞ்ஞோரா. வாங்கிற ஆளுக்கு முன்னாலை இருந்து திறப்பன்."

"அப்ப இந்த மேசை இருட்டுக்குள்ளை நிக்கேலாது. யன்னலுக்குக் கிட்ட இழுங்கோ." மெசின் கதையே அவவின்ரை வாயிலை வரேல்லை. போகத் திரும்பினவ நிண்டா. "கைக்குள்ளை என்ன பொத்தி வைச்சிருக்கிறாய்?"

"முதல் திறந்தது. முதல் பார்வை பசுவிலை விழவேணும், சிஞ்ஞோரா. அதுதான் எங்கடை முறை."

"பசுவோ! போர்கோ வெக்கியோவிலையோ?" எண்டு சிரிச்சுக்கொண்டு அவ போயிட்டா.

குகனேஸ்வரி மூலையைப் பாத்தா. சோதிலிங்கம் இன்னும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டார்.

"இஞ்சை வாங்கோப்பா."

"கோவமோ?"

"மலையளவு இருக்கு. அதை வீட்டை வந்து தாறன்." அவ கையை விரிச்சு அவரின்ரை முகத்துக்கு நேரை பிடிச்சா. "குனியுங்கோ. முதல் அவ உங்களைப் பாக்கட்டும்."