தொண்ணூற்றொன்றாம் ஆள்

பத்துப் பத்தாக நிற்கச் சொன்னபோது ஒன்பது வரிசை கச்சிதமாக வந்தது. கைப்பிடிக்காரி மட்டும் மிஞ்சினாள். குடைத் தொழிற்சாலையில் கைப்பிடி பொருத்துகிறவள். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் எதற்கும் கடைசியில்தான் நிற்பாள்.

மொட்டைமாடியில் புகைப்படக்காரர் காத்திருந்தார். தொழிற்சாலையின் இருபத்தைந்தாம் ஆண்டுப் படம். மேலிருந்து பார்த்தால் ஓட்டை உடைசல் இல்லாத ஒரு செவ்வகம் தெரிய வேண்டும் என்பது மேலாளரின் கனவு. கனவு வந்தால் அவருக்குக் கையில் மைக்கும் வந்துவிடும். "ஒழுங்குதான் நம்ம நிறுவனத்தோட முகம்" என்று, மூன்றடி தள்ளி நின்றவர்களிடம் மைக்கில் சொன்னார். வருகைப் பதிவேட்டின்படி தொண்ணூற்றொரு முகம்.

ஒன்பது ஒன்பதாக நிறுத்தினார். பத்து வரிசை, ஒருத்தி மிச்சம். ஆறு, ஐந்து, மூன்று, இரண்டு என்று இறங்கி வந்தார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் கலைந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கைப்பிடிக்காரி தனியாக நின்றாள்.

"இது பகா எண். யாராலயும் வகுக்க முடியாது" என்று மைக்கில் தீர்ப்பு வந்தது. "ஒரு ஆள் குறைஞ்சா தொண்ணூறு. என்ன அழகான நம்பர். நீங்க நிழல்ல உக்காருங்கம்மா, பாவம், வெயிலு."

வெயிலைவிட அந்தக் கரிசனம்தான் சுட்டது. ஆறு வருட வேலையில் ஒரு படத்திலும் அவள் இல்லை. "நிஜமாவே அங்கதான் வேலை பாக்கறியா, இல்ல பஸ்ல சும்மா சுத்திட்டு வர்றியா?" என்று மகள் கிண்டலடிப்பாள். இந்தப் படத்தைக் காட்டி அவள் வாயை அடைத்துவிடலாம் என்றிருந்தாள்.

நிழலில் உட்கார்ந்தவளுக்குக் கோபத்தைவிடக் குறுகுறுப்புதான் அதிகம். எப்படி நிறுத்தினாலும் மிச்சம் ஏன் ஒன்றேதான்? இரண்டோ மூன்றோ மிஞ்சக் கூடாதா, பேச்சுத் துணைக்காவது? யோசித்ததில் பிடிபட்டது: அவர் சொன்னதெல்லாம் தொண்ணூறை வகுக்கிற எண்கள். தொண்ணூறு எல்லாருக்கும் வளைந்து கொடுத்துவிட்டு இவளை மட்டும் வெளியே தள்ளுகிறது. அது வளையாத ஓர் எண் வேண்டும். நான்கைப் போட்டுப் பார்த்தாள். மூன்று பேர் மிச்சம். ஏழுக்கு வந்தபோது விரலை மடக்கவே தேவைப்படவில்லை. அது மனப்பாடம்.

"சார், ஏழேழா நிக்க வெச்சுப் பாருங்க."

"ஏழுல என்னம்மா சரியா வந்திருக்கு?"

"தொண்ணூத்தோரு நாளுன்னா பதிமூணு வாரம் சார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒப்பந்தம் அவ்ளோ நாளைக்குத்தானே கையெழுத்துப் போட்டுத் தர்றீங்க."

துணி வெட்டுகிறவர் மீசைக்குள் சிரித்தார். "நின்னுதான் பாப்போமே சார். எப்படியும் காலு போயாச்சு."

நின்றார்கள். பதிமூன்று வரிசை. கடைசி வரிசையில் ஆறு பேருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. கைப்பிடிக்காரி போய் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"பிரமாதம் சார்" என்று மேலிருந்து புகைப்படக்காரரின் குரல் வந்தது. "இப்ப நீங்க எங்க நிக்கப்போறீங்க?"

தொழிலாளர் பதிவேட்டில் மேலாளரின் பெயர் கிடையாது. அதிகாரிக்குத் தனிப் பதிவேடு.

அப்படியானால் தொண்ணூற்றிரண்டு. கைப்பிடிக்காரிக்கு மறுபடி குறுகுறுத்தது. ஏழில் ஒன்று மிச்சம். மூன்றில் இரண்டு. நான்கில் மிச்சமே இல்லை, இருபத்து மூன்று வரிசை. மடக்கிய விரலைப் பிரிக்காமல் நின்றாள். மேலாளர் டையை நேராக்கிக்கொண்டு, எங்கே நுழைவது என்று தெரியாமல் செவ்வகத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.