கருப்புப் புறாவின் சிவப்புக் குஞ்சு

குழந்தை பிறந்த ஏழாம் நாள், முடியெடுத்துப் பெயர் வைத்த விருந்து. சோழவந்தானில் மாமனார் வீடு முழுக்க நெய்ச்சோற்று வாசம். நாலு பேர் கூடிவிட்டால் சிஹாபுதீனின் நாக்கு ஓரிடத்தில் நிற்காது. மகளை மடியில் வாங்கினான். அவள் கண்ணைத் திறந்தாள். அசல் பூனைக்கண்.

“எங்க வீட்டுலயும் கருப்புக் கண்ணு, இவங்க வீட்டுலயும் கருப்புக் கண்ணு. இந்தச் சரக்கை எந்தக் கடையில வாங்குனீங்க?”

சபை குலுங்கிச் சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்த அவன் மனைவி ஆரிபா மட்டும் சிரிக்கவில்லை.

பிரசவத்து நாற்பது நாள் கழிந்ததும் மதுரைக்கு வரவேண்டியவள் வரவில்லை. ஆள் அனுப்பினால், “வெயில் தணியட்டும்.” கடிதம் போட்டால், “பிள்ளைக்குச் சளி.” நேரில் போனால் காபி மட்டும் வந்தது. வருவாளா, மாட்டாளா? மூன்று மாதமாக நேரான பதில் ஒன்று இல்லை. ஊருக்கே கேலியில் பதில் சொல்பவனுக்குப் பொருத்தமான தண்டனைதான். பொருத்தமாக இருந்தால் மட்டும் சோறு இறங்கிவிடுமா?

கீழவாசலில் அவனுடைய குடைக்கடைக்கு மேலே புறாக்கூண்டு. போன வருஷம் ஒரு கருப்புப் பெட்டைக்குச் செங்கல் நிற ஆணை ஜோடி சேர்த்திருந்தான். பிறந்த குஞ்சு அத்தனையும் கருப்பு. “செவப்புச் சாயம் வெளுத்துப்போச்சு” என்று அதையும் கேலி செய்து, தாயையும் தகப்பனையும் விற்றுவிட்டான். குஞ்சுகளில் இரண்டு வளர்ந்து தாமே ஜோடியாயின. இப்போது அவை பொரித்த குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது. ஒன்று கருப்பு. இன்னொன்று செங்கல்.

“எவன் வீட்டு ஆண்புறா உள்ள வந்துச்சு?” என்று பெட்டையைப் பார்த்து முறைத்தான். பிறகு கூண்டைப் பார்த்தான். சுண்டுவிரல் நுழையாத கம்பிவலை. பூட்டு அவனுடையது. சாவி அவன் இடுப்பில். ஒரு பறவையிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டான்.

பருத்திப் பண்ணையில் ரகத்தோடு ரகம் சேர்த்துப் புது ரகம் எடுக்கும் வேலை பார்க்கும் சிநேகிதன் நல்லகாமன் வந்து பார்த்தான்.

“இதுக்கா இப்படி முழிக்கிற மாப்ள? ஒவ்வொரு குணத்துக்கும் உடம்புல ரெண்டு வித்து. அப்பன் குடுத்தது ஒண்ணு, ஆத்தா குடுத்தது ஒண்ணு. கருப்பு ஒண்ணு இருந்தாலே அது முன்னால நின்னுக்கிரும். செவப்பு சாகாது, பின்னால ஒளிஞ்சிருக்கும். இதுக ரெண்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருந்துச்சு. ரெண்டு செவப்பும் ஒரே முட்டையில கூடிருச்சு, எந்திரிச்சு வந்துருச்சு. நெறைய பொரிச்சா நாலுக்கு ஒண்ணு இப்படி வரும்.”

“அப்ப எம்மக கண்ணு?”

“மனுசன் கணக்கு இம்புட்டு லேசு இல்ல. ஆனா பூனைக்கண்ணுன்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கணும். உன் பக்கமுந்தான்.”

சிஹாபுதீன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தன் கருப்புக் கண்ணுக்குப் பின்னால் இன்னொரு கண்ணா? எந்தக் காலத்து ஆளோ, பேர் தெரியாது, அடக்கிய கபுறு தெரியாது. அவர் அத்தனை தலைமுறை ஓசையில்லாமல் கடந்து, அவன் மடியில் வந்து கண் திறந்திருக்கிறார். “சுப்ஹானல்லாஹ்” என்றான். அதற்கு மேல் ஒரு கேலியும் வரவில்லை.

மறுநாள் காலை ரயிலில், கூடையில் குஞ்சுகளோடு சோழவந்தான் போனான். முழுக்கதையையும் சொன்னான். ஆரிபா சிவப்புக் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என்னைச் சந்தேகப்பட்டீங்க.”

“நாக்குதான் பேசுச்சு...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டான். “மனசுல ஒரு மூலையில இருந்துச்சு. இப்ப இல்ல.”

“புறா சொன்னதால?”

“ஆமா. என் புத்திக்குப் புறா சொன்னாத்தான் ஏறுது. ஆரிபா, எம்மக கண்ணுல பாதி நான் குடுத்தது. எங்க வம்சத்துப் பெரிய மனுசர் யாரோ இம்புட்டு தூரம் நடந்து வந்திருக்காரு. அவரைப் போய்க் கடைச்சரக்குன்னுட்டேன்.”

குழந்தை திரும்பி அந்தக் கண்களால் அவனைப் பார்த்தாள்.

“வர்றியா?” என்றான்.

ஆரிபா குஞ்சைக் கூடையில் விட்டு மூடினாள்.

“வாரேன். சபையில சொன்னதைச் சபையிலதான் எடுக்கணும். அன்னைக்குச் சிரிச்ச அத்தனை பேரையும் கூப்பிடுங்க. இப்பச் சொன்னீங்களே, அதை அப்படியே சொல்லுங்க. சொன்ன அன்னைக்கே சாயங்கால ரயிலுக்கு வாரேன்.”