கழுத்துவரை பெட்ரோல்

இது எழுபத்தெட்டில் நடந்ததா, எழுபத்தொன்பதிலா என்று எனக்கு நிச்சயமில்லை. மழை பெய்ததா என்பதில்கூடச் சந்தேகம். நாகரத்தினம் வாத்தியார் இதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். மழை பெய்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் மலைமேல் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தார். பின்பக்கம் எஞ்சின், அதன்மேல் படுக்கை, ஜன்னல்களுக்குத் திரை. பெட்ரோல் காட்டும் முள் மட்டும் வேலை செய்யாது. அதனால் ஒருமுறை பாதி மலையில் வண்டி நின்றுபோயிருந்தது. எனவே பள்ளி விடுமுறைக்கு லூமுட் கடற்கரைக்குக் கிளம்பியபோது, கையிருப்பாக ஒரு தகரத்தில் பெட்ரோல் எடுத்துக்கொண்டார்.

நிரப்பிக் கொடுத்தது தோட்டத்து லாரி டிரைவர் செல்லையா.

“கழுத்துவரைக்கும் ஊத்திட்டேன் சார். குறைச்சலா இருந்தாத்தான் தளும்பும்.”

“மூடி தாங்குமா?”

“பிளாஸ்டிக் வச்சு முறுக்கியிருக்கேன்லா. நீங்க மூடிய விட்டுட்டு ரோட்டப் பாருங்க.”

தோட்டத்தில் மண்ணெண்ணெயை அப்படித்தான் நிரப்புவார்கள். மலைக்குளிரில் ஒன்றும் ஆனதில்லை. தகரம் படுக்கைக்கு அடியில், எஞ்சினை ஒட்டிப் போயிற்று. படுக்கையில் வாத்தியாரின் மூன்று வயது மகள் திலகம் கம்பளிக்குள் தூங்கினாள். பனி ஆகாது என்று அவர் மனைவி சந்திரமதி எல்லா ஜன்னல்களையும் சாத்தினாள்.

மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் ரோட்டு வளைவுகளில் தலை சுற்றாதவர்கள் கிடையாது. சந்திரமதிக்கும் சுற்றியது. மூக்கடியில் தைலம் தடவிக்கொண்டு, கணவருக்கும் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் தைல வாசனையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

“என்னங்க, ரிங்லெட் தாண்டிட்டமா?”

“தாண்டிட்டோம். இல்ல, இனிமேதான் வரும்.”

“அங்க நின்னு டீ குடிச்சமே.”

“அது போன தடவை.”

“ஓட்டுறவருக்கே தெரியலன்னா நல்லாப் போய்ச் சேருவோம்.”

அவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. கீழே போகப்போக வெக்கை கூடியது. ரோட்டின் வெள்ளைக்கோடு சில நேரம் இரண்டாகத் தெரிந்தது. அந்த வளைவைக் கடந்துவிட்டோமா, அதே வளைவில்தான் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறோமா?

ஒரு திருப்பத்தில் முனீஸ்வரர் கோயில். மலையிறங்கும் டிரைவர்கள் அங்கே வண்டிக்குச் சூடம் காட்டாமல் போகமாட்டார்கள். மழை நாளென்றால் வண்டிக்குள்ளேயே தட்டை வைத்து ஏற்றிவிடுவது வழக்கம். வண்டி நின்றதும் சந்திரமதி தட்டில் சூடத்தை வைத்தாள். வாத்தியார் தீப்பெட்டியைத் திறந்தார்.

“இருங்க, திலகத்தை எழுப்புங்க. அவ தொட்டுக் கும்பிடட்டும்.”

“தூங்குறா, விடேன்.”

“எழுப்புங்கன்னா.”

தீப்பெட்டியை மனைவி மடியில் போட்டுவிட்டுப் பின்னால் போனார். கூப்பிட்டார். குழந்தை அசையவில்லை. தூக்கினால் தலை தோளில் துவண்டது. படுக்கைக்குக் கீழே சரிந்திருந்த கம்பளி நனைந்திருந்தது. மூத்திரம் போய்விட்டாள் என்று எண்ணி, கழுவிவிடக் கதவைத் திறந்து இறங்கினார். மழையும் காற்றும் முகத்தில் பட்டதும் குழந்தை இருமினாள், வாந்தியெடுத்தாள், அழுதாள். துண்டு கேட்கத் திரும்பினார். மூக்கடித் தைலத்தை மழை கழுவியிருந்தது; அப்போதுதான் திறந்த கதவு வழியே பெட்ரோல் நெடி அவரை அறைந்தது.

உள்ளே சந்திரமதியின் கையில் தீக்குச்சி. திறந்த கதவால் சூடம் நனைந்துவிடும் என்று அவளே ஏற்றப் பார்த்தாளாம்.

“மதி, வேணாம்” என்று சொன்னதாக வாத்தியார் நினைக்கிறார். அவர் வாயே திறக்கவில்லை, பிள்ளை அழுத சத்தத்துக்குத்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தேன் என்பது சந்திரமதியின் வாதம். குச்சி உரசப்பட்டதா, உரசியும் ஈரத்தில் பற்றவில்லையா? அவளுக்கும் நினைவில்லை.

இழுத்து வெளியே போட்டபோது தகரம் வயிறு உப்பியிருந்தது. மூடியோரம் கசிந்துகொண்டிருந்தது. சூடு பட்டால் திரவம் விரியும் என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதைப் பார்த்தபடி நின்றார். மேலே குளிரில் வெற்றிடமே விடாமல் நிரப்பியது கீழே எங்கே போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

தகரத்தையும் கம்பளியையும் ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டு, கதவுகளைத் திறந்துபோட்டு வெகுநேரம் காத்திருந்தார்கள். நெடி முழுக்கப் போனபிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

லூமுட் போகவில்லை. தாப்பாவில் டாக்டர் திலகத்தைப் பார்த்துவிட்டு அன்றே அனுப்பிவிட்டார். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. எண்பதுகளின் கடைசியில் தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேனைக் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரர் வாங்கிக்கொண்டார். செல்லையா தோட்ட வேலையை விட்டு மகனோடு ஈப்போவுக்குக் குடிபோனார். வாத்தியாரும் சந்திரமதியும் கம்போங் ராஜாவுக்கு மாற்றலாகி அங்கேயே தங்கிவிட்டார்கள்.